காற்றும் களஞ்சியமும்

வறுமையை வென்றவர் கதை எந்நாட்டிலும் விரும்பிக் கேட்கப்படுவது. வென்றவன் ஒரு சிறுவன், வென்ற கருவி அவன் தன் கையாலேயே செய்த பொறி என்றால் சொல்லவே வேண்டியதில்லை. அத்தகைய கதைகள் மாணவர்க்கு ஊக்கம் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஊக்கம் தருவது ஒன்று. உண்மை தருவது மற்றொன்று. இரண்டும் ஒருங்கே அமைந்த நூல்கள் சிலவே. அப்படி அமைந்த நூல் ஒன்று திரைப்படமாகும்போது ஊக்கம் பெருகி உண்மை சுருங்குமாயின், அச்சுருக்கம் எங்கே நேர்ந்தது, அதனால் விளையும் கேடு யாது என்று ஆராய்வது திறனாய்வின் கடமையாகும்.

அவ்வாறு ஆராயத்தக்க நூல் ஒன்று 2009-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. "காற்றைக் கட்டியாண்ட சிறுவன்" என்று அதன் பெயரைத் தமிழில் கூறலாம். ஆப்பிரிக்காவின் தென்கிழக்கிலுள்ள மாலாவி நாட்டு உழவர் மகன் வில்லியம் காம்க்வாம்பா தம் வாழ்வைச் சொல்ல, அமெரிக்கப் பத்திரிகையாளர் பிரையன் மீலர் உடனிருந்து எழுதியது அது. அந்நூலைத் தழுவி 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தைச் சிவெட்டல் எஜியோஃபோர் இயக்கி, சிறுவனின் தந்தையாகவும் நடித்தார். நூல் பல நாடுகளில் பள்ளிப் பாடமாயிற்று. படம் வீடுதோறும் சென்றது. இன்று இக்கதையைப் படத்தின் வழியாக அறிந்தோரே மிகுதி. அதனாலேயே இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பசி வந்த வழி

மாலாவி 1964-ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற நாடு. மக்களில் மிகப் பெரும்பாலோர் சிறு நிலம் வைத்துப் பிழைக்கும் உழவர். விளைவது மக்காச்சோளம்; உண்பது அதன் மாவைக் கிளறிச் செய்யும் என்சிமா என்னும் களி. வானம் பார்த்த பூமியாதலால் ஆண்டுக்கு ஒரு போகமே. நவம்பர், டிசம்பரில் மழை தொடங்கியதும் விதைப்பார்கள்; மார்ச்சுக்குப் பின் கதிர் முற்றும். இடையிலுள்ள சனவரி, பிப்ரவரி மாதங்களில் பழைய சோளம் தீர்ந்திருக்கும். புதிய சோளம் வந்திராது. அந்தக் காலத்துக்குப் பசிக்காலம் என்றே அங்குப் பெயர்.

காம்க்வாம்பா 1987-இல் பிறந்தவர். கசுங்கு மாவட்டத்து விம்பே வட்டாரத்தில் வளர்ந்தவர். அவருக்குப் பதினான்கு வயது நடக்கையில், 2001-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2002-இன் தொடக்கத்திலும், அந்நாட்டைப் பெரும்பஞ்சம் சூழ்ந்தது. இப்பஞ்சத்தை விளக்கும் பகுதியே நூலின் உயிர்நாடி எனலாம். மழை பொய்த்தது, பசி வந்தது என்று இரண்டே சொல்லில் ஆசிரியர் முடித்துவிடவில்லை. முதலில் மழை அளவுக்கு மிஞ்சிப் பெய்து விதையையும் உரத்தையும் அடித்துச் சென்றது. பிறகு வேண்டிய காலத்தில் நின்றது. முன்னாளில் அரசாங்கம் மலிவாகக் கொடுத்துவந்த உரம், மானியம் நீங்கியபின் ஏழை உழவனுக்கு எட்டாத விலைக்குப் போயிற்று. ஆபத்துக்கென்று அரசாங்கக் கிடங்கில் வைத்திருந்த தானியமும் விற்றுத் தீர்க்கப்பட்டிருந்தது. சர்வதேச நிதி நிறுவனம் கடனடைப்பதற்காக ஒரு பகுதியை விற்கச் சொன்னதாகவும், அதிகாரிகள் முழுவதையும் விற்றதாகவும் நூல் கூறுகிறது. அப்பழி எவர்மீது எவ்வளவு என்பது குறித்துப் பின்னர் நீண்ட வாதம் நடந்ததுண்டு. ஆயினும், பஞ்சத்தின் வேர் வானத்தில் மட்டும் இல்லை, கிடங்கிலும் கருவூலத்திலும் இருந்தது என்னும் செய்தியை நூல் எளிய சொல்லில் பதியவைக்கிறது.

அடுத்து வரும் காட்சிகள் படிப்பவர் நெஞ்சை விட்டு நீங்காதவை. தவிட்டை விலைக்கு வாங்கி உண்ணும் மக்கள். எஞ்சிய மாவில் பலகாரம் சுட்டு விற்று, வந்த காசில் மீண்டும் மாவு வாங்கி, ஆளுக்கு ஒரு வாய்க் களி மிச்சப்படுத்தும் தாய். ஊட்ட ஏதுமின்றிப் பசியால் ஒடுங்கிய நாயைக் காட்டுக்கு இட்டுச் சென்று மரத்தில் கட்டிவிட்டுத் திரும்பும் சிறுவன். பசியின் கொடுமையைப் பெரிய சொற்களால் முழக்காமல், ஒரு பாத்திரத்தின் அடியைக் காட்டியே உணர்த்தும் திறம் இங்கு உண்டு.

நூல்நிலையமும் நண்பனின் காசும்

கட்டணம் கட்ட இயலாமையால் சிறுவன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்படுகிறான். ஊர்த் தொடக்கப் பள்ளியில் நன்கொடையாக வந்த நூல்களைக் கொண்ட சிறு நூல்நிலையம் இருந்தது. அங்கே ஆற்றலைப் பற்றிய அமெரிக்கப் பாடநூல் ஒன்று அவன் கையில் அகப்பட்டது. அதன் அட்டையில் காற்றாலைகள் வரிசையாக நின்றன. அவனுக்கு ஆங்கிலம் போதிய அளவு வராது. படங்களைப் பார்த்து, படத்தின் கீழுள்ள சொல்லைப் பிடித்துக்கொண்டு, நூல்நிலையத்து அம்மையாரிடம் பொருள் கேட்டு, மின்சாரம் பிறக்கும் வகையைத் தெரிந்துகொள்கிறான். ஆசிரியத் தொழில் புரிவோர் இப்பகுதியை இருமுறை படிப்பது நன்று. மொழி முற்றும் வந்த பிறகே அறிவு வரும் என்று காத்திருப்பவனுக்கு அறிவு வருவதில்லை. வேண்டும் என்ற தேவை முன்னே நின்றால் மொழி பின்னே வந்து சேர்கிறது.

பொறிக்கான உறுப்புகள் ஒவ்வொன்றும் வந்த வழியை நூல் நிதானமாகச் சொல்லுகிறது. பழைய இரும்புக் குவியலில் கிடந்த டிராக்டரின் விசிறி. தந்தையின் உடைந்த சைக்கிள். தீயில் இளக்கித் தட்டையாக்கிய பிளாஸ்டிக் குழாயால் ஆன இறக்கைகள். வாஷருக்குப் பதிலாக மது போத்தல் மூடிகள். யூகலிப்டஸ் மரங்களை வெட்டி நாட்டிய கோபுரம். டைனமோ மட்டும் குப்பையில் கிடைக்கவில்லை. கில்பர்ட் என்னும் நண்பன் தன் காசைக் கொடுத்து வழிப்போக்கன் ஒருவனிடம் வாங்கித் தருகிறான். மகனை வயல் வேலையிலிருந்து விடுவித்து அவன் போக்கில் விடுகிறார் தந்தை. ஊரார் பித்தன் என்கிறார்கள். இறுதியில் காற்று வீசுகிறது. கையிலிருந்த சிறு பல்பு ஒளிர்கிறது.

இங்குதான் வாசகர் ஊன்றி நோக்க வேண்டும். அந்தப் பல்பு ஒளிர்ந்தபோது பஞ்சம் முடிந்திருந்தது. 2002-ஆம் ஆண்டின் அறுவடை வந்தபோது வயிற்றுப் பசி தணிந்தது. காற்றாலை அதன் பின்னரே எழுந்தது. அது தந்தது வெளிச்சம். மண்ணெண்ணெய்ப் புகையில் இருமிக்கொண்டிருந்த வீட்டில் இரவிலும் படிக்க முடிந்தது. அயலார் கைத்தொலைபேசிக்கு மின்னூட்ட வந்து நின்றனர். தண்ணீர் இறைத்து இரண்டு போகம் விளைவிக்க வேண்டும் என்ற ஆசை சிறுவனுக்குத் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஆனால் அது ஆசையாகவே பல்லாண்டு இருந்தது. 2006-இல் நாளிதழ்ச் செய்தியும், 2007-இல் தான்சானியாவின் அருஷா நகரில் நடந்த மாநாட்டு மேடையும் அவரை உலகறியச் செய்து, பொருளுதவியும் வந்த பிறகே, ஆழ்கிணறும் சூரிய ஒளியால் இயங்கும் பம்பும் சொட்டுநீர்ப் பாசனமும் அந்த நிலத்தைச் சேர்ந்தன.

நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மீண்டும் மழை தவறிப் பயிர் வாடியது. அப்போது காற்றாலை சுழன்றுகொண்டுதான் இருந்தது. பசியை அது தடுக்கவில்லை என்பது மட்டுமன்று. மேகத்தை ஊதி விரட்டுவதே அந்தப் பொறிதான் என்று ஊரார் சிலர் பழியும் சுமத்தினர். தம் கண்டுபிடிப்பின் பெருமைக்கு ஊறு செய்யும் இச்செய்தியை மறைக்காமல் எழுதியது நூலாசிரியரின் நேர்மைக்குச் சான்று.

திரையில் மாறிய காரணம்

திரைப்படத்தின் சிறப்புகளை முதலில் கூறுவதே முறை. மாலாவியிலேயே எடுக்கப்பட்ட படம்; மாந்தர் தம் சிச்சேவா மொழியிலும் பேசுகிறார்கள். விதைப்பு, வளர்ச்சி, அறுவடை, பசி, காற்று என்று உழவர் நாட்காட்டியைப் போலப் படம் பகுக்கப்பட்டிருக்கிறது. சிறுவனாக நடித்த மாக்ஸ்வெல் சிம்பாவின் அடக்கம் பாராட்டத்தக்கது. மரங்கள் வெட்டப்படுவதால் வெள்ளம் பெருகுவதையும், பசியைப் பற்றிப் பேசிய ஊர்த்தலைவர் அடித்து நொறுக்கப்படுவதையும் படம் அஞ்சாமல் காட்டுகிறது. மகன் தன் சைக்கிளைக் கேட்கும்போது தந்தை கொள்ளும் சினம் வெறும் சினமன்று; தன்னிடம் எஞ்சிய ஒரே உடைமையையும் இழக்கும் மனிதனின் அச்சம். அதனை எஜியோஃபோர் சொல்லின்றியே புலப்படுத்துகிறார்.

இவ்வளவும் செய்த படம், கதையின் முடிவில் ஒன்றை மாற்றிவிடுகிறது. பஞ்சத்தின் நடுவே காற்றாலை எழுகிறது; மின்கலம் நிறைகிறது; பம்பு தண்ணீரை இறைக்கிறது; வறண்ட மண்ணில் பயிர் தழைக்கிறது; குடும்பம் பிழைக்கிறது. வெளிச்சம் தந்த பொறி சோறு தந்த பொறியாகிவிட்டது. அறுவடைக்குப் பின் வந்தது அறுவடைக்குக் காரணமாகிவிட்டது.

இதற்கு ஒரு சமாதானம் கூறப்படலாம். பல ஆண்டுகளில் நடந்ததை இரண்டு மணி நேரத்தில் காட்டவேண்டும். காலத்தைச் சுருக்குவது கலைஞன் உரிமை. தண்ணீர் இறைக்கும் கனவு பின்னாளில் நனவாகியும் இருக்கிறது. அதை முன்னே கொணர்ந்ததில் தவறென்ன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. காலத்தைச் சுருக்கலாம், இரு பாத்திரங்களை ஒன்றாக்கலாம், நடக்காத உரையாடலைப் படைக்கலாம். அவை கலைஞனுக்கு உரியவை. ஆனால் எது எதனால் நிகழ்ந்தது என்னும் தொடர்பை மாற்றும்போது கதையின் உடை மாறவில்லை, உயிரே மாறுகிறது. அதிலும் பஞ்சம் போன்ற பொருளில் அத்தொடர்பே பாடம். பசி எதனால் தீர்ந்தது என்ற வினாவுக்கு நூல் ஒரு விடையும் படம் வேறொரு விடையும் தருகின்றன. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க இயலாது.

கணக்கு என்ன சொல்லுகிறது?

இதனைச் சிறு கணக்கால் எவரும் சரிபார்க்கலாம். சைக்கிள் விளக்குக்கான டைனமோ பொதுவாக மூன்று முதல் ஆறு வாட் வரை மின்சாரம் தரும். ஆறு வாட் என்றே வைத்துக்கொண்டு, காற்றும் இருபத்துநான்கு மணி நேரம் ஓயாது வீசியது என்றும், சிறிதும் வீணாகவில்லை என்றும் கொண்டாலும், பத்து மீட்டர் ஆழத்திலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,300 லிட்டர் தண்ணீரே மேலே வரும். வளர்ந்த மக்காச்சோளம் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவு நீர் கேட்கும். ஓர் ஏக்கருக்கு அது ஏறக்குறைய 20,000 லிட்டர். குறையே இல்லாத பொறியும் கால் பங்கைத்தான் எட்டுகிறது. உண்மைப் பொறியில் உராய்வும் இழப்பும் உண்டு. காற்றும் நின்று நின்றே வீசும். அவற்றைக் கழித்தால் எஞ்சுவது ஒரு காய்கறிப் பாத்திக்குப் போதும். ஒரு குடும்பத்தின் களஞ்சியத்தை நிரப்பாது. சிறுவனின் பொறி சிறியது என்று இழித்துரைப்பதற்காக இக்கணக்கு சொல்லப்படவில்லை. வெளிச்சத்துக்காகச் செய்த பொறியின் தோளில் வயலைச் சுமத்துவது அப்பொறிக்கே செய்யும் அநீதி என்பதே கருத்து.

உரலைக் கேட்ட விதை

அவ்வாறாயின் சிறு உழவனுக்கு விஞ்ஞானம் உதவாதா என்று கேட்கத் தோன்றும். உதவும், உதவியும் இருக்கிறது. ஆனால் உதவும் விதம் திரைக்கதை போல் இருப்பதில்லை. அதே மாலாவி நாட்டு மக்காச்சோள விதையின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அதிக விளைச்சல் தரும் கலப்பின விதைகள் அந்நாட்டுக்கு வந்து நெடுநாளாகியும் உழவர் அவற்றை விருப்பத்தோடு ஏற்கவில்லை. உழவர் பழமையில் ஊறியவர் என்று சிலர் கூறினர். உண்மைக் காரணம் உரலில் இருந்தது. அக்கலப்பினங்களின் மணி மென்மையானது. பெண்கள் உரலிலிட்டுக் குத்தித் தவிடு நீக்கும்போது அது நொறுங்கித் தவிட்டோடு போய்விடும். வெள்ளை மாவு குறையும். வீட்டுக் குதிரில் வைத்தால் வண்டு எளிதில் துளைக்கும். வயலில் கண்ட இலாபம் வீட்டுக்கு வருமுன்னே கரைந்துவிடும். பழைய நாட்டுச் சோளத்தின் மணியோ கடினமானது. குத்தவும் சேமிக்கவும் ஏற்றது. இதனை உணர்ந்த ஆராய்ச்சியாளர், விளைச்சலும் மணியின் கடினமும் ஒருங்கே பொருந்திய எம்.எச்.17, எம்.எச்.18 என்னும் விதைகளை 1990-இல் வெளியிட்டனர். உழவர் ஏற்றனர். வயலை மட்டும் கேளாமல் உரலையும் கேட்ட விஞ்ஞானம் வென்றது.

ஆனால் விதை இருந்தும் உரம் வாங்கக் காசில்லாதபோது அந்த வெற்றியும் தளர்ந்தது. 1998-ஆம் ஆண்டு முதல் இரண்டு பருவங்களில் சிறு உழவர் குடும்பங்களுக்கெல்லாம் ஒரு சிறு பொட்டலம் விதையும் உரமும் இலவசமாகக் கொடுத்தனர். பின்னர் அது குறைக்கப்பட்டது. அடுத்து வந்ததே அந்தப் பெரும்பஞ்சம். 2005-ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து, சீட்டு வைத்திருக்கும் உழவர்க்குக் குறைந்த விலையில் உரமும் விதையும் தரும் பெரிய மானியத் திட்டத்தை அரசாங்கம் நடத்தியது. மழையும் துணை நிற்க, அடுத்த ஆண்டுகளில் சோளம் மிகுந்து அண்டை நாட்டுக்கும் போயிற்று. அத்திட்டம் கருவூலத்துக்குப் பெருஞ்சுமையாயிற்று. சீட்டு உரியவர்க்குப் போய்ச் சேரவில்லை என்ற குறையும் எழுந்தது. 2020-இல் அதன் இடத்தில் வேறு திட்டம் வந்தது. குறையற்ற வழி என்று அதனைப் புகழ்வதற்கில்லை. எனினும் இவ்வரலாறு ஒன்றை ஐயமறக் காட்டுகிறது. விதை, உரம், விலை, கிடங்கு, மழை ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. ஒன்று அறுந்தால் மற்றவை தாங்குவதில்லை. கருவி இவற்றுள் ஓரிழை. அதுவே கயிறு அன்று.

நூலின் குறை

நூலைப் புகழும்போது அதன் குறையையும் கூறாது விடுவது நடுநிலையாகாது. பிற்பகுதியில் நூலின் நடை மாறிவிடுகிறது. மாநாடு, விமானப் பயணம், புகழ், வெளிநாட்டுப் பள்ளி என்று நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக விரைகின்றன. முற்பகுதியில் ஒரு பிடி மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய கை, பிற்பகுதியில் பம்பும் பாசனமும் வந்த செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறது. அந்தப் பம்பு வந்தபின் வயல் எப்படி மாறியது, தாயின் வேலை எவ்வளவு குறைந்தது, பழுதானால் யார் சீர்செய்தார்கள் என்பவற்றை அறிய விரும்பும் வாசகர் ஏமாற்றமடைவர். உழவர் வாழ்வுக்கு மிக வேண்டிய பகுதி மிகக் குறைந்த இடம் பெற்றுவிட்டது. திரைப்படம் செய்த பிழைக்கு இந்த இடைவெளியும் ஒருவகையில் வழி விட்டது எனலாம். நூல் நிரப்பாது விட்ட இடத்தைப் படம் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டது.

மந்திரமும் விஞ்ஞானமும்

நூலின் தொடக்கப் பகுதி மந்திரத்தைப் பற்றியது. சூனியக்காரர் குறித்த அச்சத்தில் வளர்ந்த சிறுவன் ஒருவன், நூல்நிலையத்தின் வழியாக விஞ்ஞானத்தின் உலகுக்குள் நுழைவதே அதன் உள்ளமைப்பு. மந்திரத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள வேறுபாடு யாது? மந்திரம் காரணம் சொல்லாது. பலனை மட்டும் காட்டும். விஞ்ஞானம் காரணத்தைச் சொல்லும். தன் எல்லையையும் ஒப்புக்கொள்ளும். இந்த அளவுகோலால் அளந்தால், காற்றாலையை மணிமேகலையின் அமுதசுரபியாக்கிவிட்ட திரைப்படம், சிறுவன் எந்த உலகை விட்டு வெளியே வந்தானோ அந்த உலகுக்கே அவனைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பொறி சுழன்றது, பசி பறந்தது என்பது விஞ்ஞானக் கதையன்று; மந்திரக் கதையே.

இதனால் விளையும் கேடு பள்ளிக்கூடத்தோடு நின்றுவிடுவதில்லை. ஒரு சிறுவனின் திறமை ஊரைக் காத்துவிடும் என்று நம்புகிற உலகம், அந்தச் சிறுவன் கட்டணமின்றிப் பள்ளியை விட்டு ஏன் போனான் என்று கேட்க மறக்கும். கிடங்குத் தானியம் எங்கே போயிற்று என்று கேட்க மறக்கும். ஒவ்வோர் ஊரிலும் ஒரு மேதை பிறப்பான் என்று காத்திருப்பது ஏழை உழவனுக்குச் செய்யும் உதவியாகாது.

ஆசிரியர்கள் இப்படத்தை மாணவர்க்குக் காட்டலாம், காட்டுவதும் நன்று. காட்டிய பின் நூலின் பஞ்சப் பகுதியையும் படிக்கச் செய்து, பசி எப்போது தீர்ந்தது, பல்பு எப்போது எரிந்தது என்னும் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டால் போதும். விடை தேடும் மாணவன் இரு செய்திகளைக் கற்றுக்கொள்வான். ஒன்று, கதை சொல்வோர் காரணத்தை இடம் மாற்றும்போது கண்டுபிடிப்பது எப்படி என்பது. மற்றொன்று, அந்தச் சிறுவனின் பெருமை உண்மையில் எங்கே இருக்கிறது என்பது. அவன் பஞ்சத்தை வெல்லவில்லை. பஞ்சத்தில் அகப்பட்டு, பள்ளியை இழந்து, நாயை இழந்து, அதன் பின்னும் நூல்நிலையத்துக்கு நடந்தான். இருட்டில் கிடந்த ஒரு வீட்டில் விளக்கேற்றினான். அவ்வளவே நடந்தது. அவ்வளவே போதும், அதற்கு மேல் ஒரு நெல்மணியளவு சேர்த்தாலும் அவன் புகழ் குறையுமேயன்றிக் கூடாது.